விட்டவர்கள் ஏன் சாகிறார்கள்? ஃபென்டனில் நோயும் அதன் சிகிச்சையும்

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலச் சிறைகளிலிருந்து 1999 ஜூலைக்கும் 2003 டிசம்பருக்கும் இடையில் விடுதலையான 30,237 பேர் அதன்பின் என்ன ஆனார்கள் என்று மருத்துவர்கள் சிலர் கணக்கெடுத்தார்கள். 2007-இல் வெளியான அந்த ஆய்வில் உள்ள ஓர் எண்ணை மறக்க முடியவில்லை. வெளியே வந்த முதல் இரண்டு வாரங்களில் ஓவர்டோஸால் அவர்கள் இறக்கும் வாய்ப்பு, மாநிலத்தின் மற்ற மக்களைவிட 129 மடங்கு. இவர்களில் பலர் மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் போதைப்பொருள் இல்லாமல் உள்ளே இருந்தவர்கள். உடம்பு சுத்தமாகிவிட்டது, இனிப் பிழைத்துக்கொள்வான் என்று வீட்டில் நினைத்திருப்பார்கள். சாவு அந்தச் சுத்தத்தின் பின்னால் வந்தது.

அந்த ஆய்வுக் காலத்தில் அமெரிக்கத் தெருக்களில் ஃபென்டனில் என்ற வீரியமிக்க வலிமருந்து பரவியிருக்கவில்லை. இன்று அது பரவியிருக்கிறது; ஆனால் போதைநோயைப் பற்றிய பொதுப்புத்தி அப்படியே இருக்கிறது. பத்து நாள் எங்காவது அடைத்துவைத்து உடம்பிலிருந்து விஷத்தை இறக்கிவிட்டால் ஆள் சரியாகிவிடுவான் என்ற நம்பிக்கை பிலடெல்ஃபியாவிலும் உண்டு, நம் ஊர் டீ-அடிக்‌ஷன் சென்டர் வாசலில் காத்திருக்கும் தாயிடமும் உண்டு. ஃபென்டனிலைப் பொறுத்தவரை அந்த நம்பிக்கை உயிரைப் பறிக்கிறது. போதையை நிறுத்துவது வேறு, போதைநோய்க்குச் சிகிச்சை பெறுவது வேறு. இந்த வேறுபாட்டைச் சான்றுகளோடு விளக்குவதே இக்கட்டுரையின் வேலை.

மூச்சை மறக்கும் உடல்

மூளையிலும் தண்டுவடத்திலும் குடலிலும் ‘ம்யூ’ என்று பெயரிடப்பட்ட ஏற்பிகள் இருக்கின்றன. உடல் தானாகவே சுரக்கும் எண்டார்ஃபின்களுக்காக ஏற்பட்ட இருக்கைகள் அவை. அபினிலிருந்து வரும் மார்ஃபின், அதிலிருந்து செய்யப்படும் ஹெராயின், முழுக்க ஆய்வுக்கூடத்தில் பிறக்கும் ஃபென்டனில் என ஓபியாய்டுகள் எல்லாம் அந்த இருக்கைகளில் போய் உட்காருகின்றன. வலி தணிகிறது, பயம் கரைகிறது, உடம்பெங்கும் ஒரு கதகதப்பு பரவுகிறது. பிரச்சினை என்னவென்றால், மூளைத்தண்டில் மூச்சின் தாளத்தை நடத்தும் இடத்திலும் அதே இருக்கைகள் உள்ளன. இரத்தத்தில் கரியமிலவாயு ஏறும்போது ‘மூச்சை இழு’ என்று உடலை விரட்டும் உந்துதல் அங்கே மழுங்குகிறது. ஓவர்டோஸ் மரணத்தில் பெரும்பாலும் போராட்டம் ஏதும் இருப்பதில்லை. தூங்குபவர் மூச்சு விட மறந்துபோகிறார், அவ்வளவுதான். குறட்டை என்று நினைத்து அடுத்த அறையில் இருப்பவர்கள் கதவைச் சாத்திவிட்டுப் போன கதைகள் எத்தனையோ.

ஃபென்டனில் மார்ஃபினைவிட 50 முதல் 100 மடங்கு வீரியமானது. அறுவைசிகிச்சை அரங்கில் அதை மைக்ரோகிராமில், அதாவது கிராமின் பத்து லட்சத்தில் ஒரு பங்கு என்ற அளவில்தான் எண்ணுகிறார்கள். பழக்கமில்லாத ஒருவரைக் கொல்ல 2 மில்லிகிராம் போதும் என்பது அமெரிக்கப் போதைப்பொருள் தடுப்புத் துறையின் கணக்கு. அது கொழுப்பில் எளிதாகக் கரையும் பொருள் என்பதால் மூளைக்குள் மின்னல் வேகத்தில் நுழைகிறது. வேகமாக, அதிக அளவில் ஏறும்போது சிலருக்கு மார்புத் தசைகள் இறுகிப்போய், பிறர் காற்றை ஊதினால்கூட உள்ளே போகாத நிலை வருகிறது. ஹெராயின் ஓவர்டோஸில் உதவிக்கு ஆள் வர ஓரளவு அவகாசம் இருந்தது. ஃபென்டனில் அதைச் சில நிமிடங்களாகச் சுருக்கிவிட்டது.

தொடர்ந்து பயன்படுத்தினால் உடல் இதற்குப் பழகிக்கொள்கிறது. அதே சுகத்துக்கு மேலும் மேலும் தேவைப்படுகிறது. முதல் நாள் கொன்றிருக்கக்கூடிய அளவை ஆறாவது மாதம் உடல் தாங்குகிறது. இதுதான் தாங்குதிறன். பிறகு ஒருநாள் கிடைக்காமல் போனால் கொட்டாவியும் கண்ணீரும் மூக்கொழுகலுமாகத் தொடங்கி, மயிர்க்கூச்செறிதல், வயிற்றுப்போக்கு, எலும்புக்குள் நோவு, ஓயாமல் உதறும் கால்கள், தூக்கமில்லாத இரவுகள் என்று விலகல் வேதனை வாட்டியெடுக்கிறது. அந்தக் கட்டத்தில் யாரும் சுகத்துக்காகப் போதையைத் தேடுவதில்லை. சாதாரணமாக நிற்கவும் நடக்கவும் தேடுகிறார்கள்.

ஆனால் தாங்குதிறனும் விலகலும் மட்டுமே போதைநோய் ஆகாது. புற்றுநோய் வலிக்கு ஃபென்டனில் ஒட்டுப்பட்டை போட்டிருக்கும் பாட்டிக்கும் இவை இரண்டும் வரும். அவர் போதைநோயாளி அல்ல. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2013-இல் வெளியிட்ட கையேடு 11 அறிகுறிகளைச் சொல்கிறது. நினைத்ததைவிட அதிகம் எடுத்துக்கொள்வது, நிறுத்த முயன்று தோற்பது, வேலையும் உறவும் சிதைவது தெரிந்தும் தொடர்வது, தீராத ஏக்கம் போன்றவை அதில் அடக்கம். கட்டுப்பாடு கைநழுவியதுதான் நோயின் மையம். நாம் சொல்லும் ‘போதைக்கு அடிமை’ என்ற தொடரில் அந்த மனிதர்மீது ஒரு தீர்ப்பு ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதனால் இங்கே போதைநோய், நோயாளி என்றே எழுதுகிறேன்.

கொடுமை தாங்குதிறன் குறையும் விதத்தில் இருக்கிறது. அதைக் கட்டிப் பெருக்க மாதங்கள் ஆகின்றன. இழக்கச் சில நாட்கள் போதும். ஏக்கமோ அவ்வளவு சீக்கிரம் போவதில்லை. சிறையிலிருந்தோ மறுவாழ்வு மையத்திலிருந்தோ வெளியே வருபவரிடம் பழைய ஏக்கமும் புதிய உடம்பும் இருக்கின்றன. பழைய அளவையே எடுத்தால் அந்த உடம்பு தாங்காது. 129 என்ற எண்ணுக்குப் பொருள் இதுதான்.

மருந்தறையிலிருந்து தெருவுக்கு

பெல்ஜியத்தின் பீர்சே என்ற ஊரில் பால் யான்சன் என்ற மருத்துவர்–வேதியியலாளர் 1960-ஐ ஒட்டி உருவாக்கியது ஃபென்டனில். மயக்க மருந்தியலில் அது பெரிய முன்னேற்றம். திறந்த இதய அறுவைசிகிச்சைகள் பாதுகாப்பானதில் அதற்குப் பங்கு உண்டு. 1990-களில் தோலில் ஒட்டும் பட்டையாக வந்து, விழுங்க முடியாத புற்றுநோயாளிகளுக்கு ஆறுதலானது. இன்றும் உலகெங்கும் நாள்தோறும் மருத்துவமனைகளில் அது வலியைப் போக்கிக்கொண்டிருக்கிறது. இதை அழுத்திச் சொல்லக் காரணம் பின்னால் வரும்.

அமெரிக்காவின் கதை மூன்று அலைகளாகச் சொல்லப்படுகிறது. 1996-இல் பர்டியூ ஃபார்மா நிறுவனம் ஆக்ஸிகான்டின் மாத்திரையைச் சந்தைக்குக் கொண்டுவந்து, அதற்கு அடிமையாகும் ஆபத்து குறைவு என்று மருத்துவர்களை நம்பவைத்தது. தவறான தகவல் தந்ததாக அந்நிறுவனம் 2007-இல் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டது. அதற்குள் அப்பலாச்சிய மலைப்பகுதியின் சுரங்க ஊர்கள் சீரழிந்திருந்தன. மாத்திரைகளுக்குக் கட்டுப்பாடு வந்ததும் 2010-ஐ ஒட்டி மக்கள் மலிவான ஹெராயினுக்கு மாறினார்கள். 2013-இலிருந்து ஹெராயினின் இடத்தை ஃபென்டனில் பிடித்துக்கொண்டது.

ஏன் பிடித்தது என்பதற்குப் பெரிய மர்மம் ஏதும் இல்லை. ஹெராயினுக்கு வயல் வேண்டும், மழை வேண்டும், கசகசாக் காயைக் கீறிப் பால் எடுக்கக் கூலியாட்கள் வேண்டும். ஃபென்டனிலுக்குச் சில வேதிப்பொருட்களும் ஒரு கொட்டகையும் போதும். வீரியம் அதிகம் என்பதால் ஓர் உறையில் அனுப்பும் சரக்கு ஒரு மூட்டை ஹெராயினுக்குச் சமம். தொடக்கத்தில் சீனாவிலிருந்து அஞ்சலில் நேராக வந்தது. 2019 மே 1 முதல் சீனா ஃபென்டனில் வகைகள் அனைத்தையும் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்த பிறகு, மூலப்பொருட்கள் மெக்ஸிகோவுக்குப் போய் சினலோவா, ஹலிஸ்கோ கும்பல்களின் கூடங்களில் மாத்திரையாகி எல்லை தாண்டின. இந்தியாவும் 2018-இல் ஃபென்டனிலின் முக்கிய மூலப்பொருட்கள் இரண்டைக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்த்தது.

போலி மாத்திரைகள்தான் மரணத்தை இன்னும் அகலமாக்கின. பாடகர் பிரின்ஸ் 2016 ஏப்ரலில் மினசோட்டாவில் தன் வீட்டில் இறந்தபோது, அவர் விழுங்கியது சாதாரண வலி மாத்திரை போல அச்சிடப்பட்ட போலி; உள்ளே இருந்தது ஃபென்டனில். கொட்டகையில் கலக்கும்போது மாவுக்குள் மருந்து சீராகப் பரவுவதில்லை. பொங்கலில் மிளகு போல, ஒரு கவளத்தில் ஒன்றும் இருக்காது, அடுத்ததில் நான்கு சிக்கும். 2023-இல் பிடிபட்ட போலி மாத்திரைகளைச் சோதித்ததில் 10-க்கு 7 உயிரைப் பறிக்கும் அளவைக் கொண்டிருந்தன. 2024-இல் அது 10-க்கு 5 ஆனது.

நிறுவனங்களின் கதையில் ஓர் இந்திய முகமும் உண்டு. அமிர்தசரசில் பிறந்து அமெரிக்காவில் கோடீசுவரரான ஜான் கபூர் தொடங்கிய இன்ஸிஸ் நிறுவனம், புற்றுநோயாளிகளுக்கான ஃபென்டனில் ஸ்ப்ரே ஒன்றை விற்றது. தேவையற்றவர்களுக்கும் எழுதிக்கொடுக்க மருத்துவர்களுக்குச் ‘சொற்பொழிவுக் கட்டணம்’ என்ற பெயரில் லஞ்சம் கொடுத்ததாக 2019-இல் அவர் குற்றவாளி எனத் தீர்ப்பானது. 2020 ஜனவரியில் ஐந்தரை ஆண்டு சிறைத்தண்டனை பெற்றார்.

அமெரிக்காவுக்கு முன்பே இதை அனுபவித்த சிறுநாடு எஸ்டோனியா. 2000-இல் தாலிபான்கள் அபின் சாகுபடிக்குத் தடை விதித்ததைத் தொடர்ந்து ஹெராயின் வரத்து வற்றியது. அந்த வெற்றிடத்தில் ஃபென்டனில் நுழைந்தது. பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் ஐரோப்பாவிலேயே ஓவர்டோஸ் மரண விகிதம் மிக உயர்ந்த நாடுகளில் ஒன்றாக எஸ்டோனியா இருந்தது. ஒரு போதைப்பொருளின் வரத்தை மட்டும் அடைத்துவிட்டுத் தேவையைக் கவனிக்காமல் விட்டால், அதைவிடக் கொடிய பொருள் அந்த இடத்துக்கு வரும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை.

அமெரிக்காவில் 2022-இல் ஓவர்டோஸால் இறந்தவர்கள் ஏறத்தாழ 1,08,000 பேர். அவர்களில் 73,000-க்கும் மேற்பட்டோரின் மரணத்தில் செயற்கை ஓபியாய்டுகளுக்குப் பங்கு இருந்தது; அவற்றில் பெரும்பகுதி ஃபென்டனில். 2024-இல் மொத்த மரணங்கள் சுமார் 80,000-ஆகக் குறைந்தன. ஓவர்டோஸை முறிக்கும் நலாக்சோன் மருந்து பரவலானது, சிகிச்சை பெருகியது, சரக்கின் வீரியம் குறைந்தது, ஆபத்தில் இருந்தவர்களில் பலர் ஏற்கெனவே இறந்துபோனது என்று பல காரணங்கள் சொல்லப்படுகின்றன. கடைசிக் காரணத்தை எழுதும்போது கை தயங்குகிறது.

முதலில் உயிர்

பேருந்தில் துண்டு போட்டு இடம் பிடிப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். நலாக்சோன் செய்வது அதைத்தான். ம்யூ இருக்கையில் உட்கார்ந்திருக்கும் ஃபென்டனிலைத் தள்ளிவிட்டு அந்த இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. பிடித்த இடத்தில் வேறு எந்த வேலையும் செய்வதில்லை. போதை இல்லை, பழக்கம் இல்லை. நீலம் பாரித்த உதடுகளுக்குச் சில நிமிடங்களில் நிறம் திரும்புகிறது. 1971-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற இந்த மருந்து நெடுங்காலம் மருத்துவமனைக்குள்ளேயே கிடந்தது. 2015-இல் மூக்கில் பீய்ச்சும் வடிவம் வந்தது. 2023-இல்தான் மருத்துவர் சீட்டு இல்லாமல் கடையில் வாங்கலாம் என்ற நிலை ஏற்பட்டது.

துண்டு 30 முதல் 90 நிமிடம்வரைதான் இருக்கும். அது நகர்ந்ததும் உடலில் மீந்திருக்கும் ஓபியாய்டு மறுபடி வந்து உட்காரலாம். அதனால் விழித்தவரைத் தனியே விடக்கூடாது. ஆம்புலன்ஸ் வரும்வரை வாயோடு வாய் வைத்து மூச்சுக் கொடுப்பதும் நலாக்சோனுக்கு ஈடான முதலுதவி. ஃபென்டனில் தூளைத் தொட்டாலே மயங்கி விழுவோம் என்ற பயம் அமெரிக்கக் காவலர்களிடையே வேகமாகப் பரவியது. தற்செயலாகத் தோலில் படுவதால் நச்சேறும் வாய்ப்பு மிகமிகக் குறைவு என்று நச்சியல் மருத்துவர்களின் அமைப்பு 2017-இலேயே தெளிவாக்கியது. பயந்து விலகி நிற்கும் ஒவ்வொரு நிமிடமும் கீழே கிடப்பவரின் மூளைக்கு நட்டம்.

பிலடெல்ஃபியாவின் கென்சிங்டன் பகுதியில் ஃபென்டனிலோடு ஸைலசின் என்ற கால்நடை மயக்க மருந்தும் கலந்து விற்கப்பட்டது. அது ஓபியாய்டு இல்லை என்பதால் நலாக்சோனுக்கு அசையாது. தோல் அழுகிப் புண்ணாகும். ஆனாலும் கூட இருக்கும் ஃபென்டனிலுக்காக நலாக்சோன் கொடுத்தே ஆகவேண்டும்.

நலாக்சோன் காப்பாற்றுவது அந்த ஒருநாளைத்தான். விழித்தெழுபவர் விலகல் வேதனையின் உச்சத்தில் விழிக்கிறார். அவருக்கு அந்த நேரத்தில் என்ன கொடுக்கிறோம் என்பதில்தான் மீதிக் கதை இருக்கிறது. 2015-இல் யேல் பல்கலைக்கழக மருத்துவர்கள் வெளியிட்ட ஆய்வில், அவசரப் பிரிவுக்கு வந்தவர்களுக்கு அங்கேயே பூப்ரெனார்ஃபின் என்ற மருந்தைத் தொடங்கியபோது, 30 நாள் கழித்தும் 78 சதவீதம் பேர் சிகிச்சையில் இருந்தார்கள். முகவரி மட்டும் கொடுத்து அனுப்பப்பட்டவர்களில் அது 37 சதவீதம்.

மூன்று மருந்துகள்

போதைநோய்க்கு மருந்தா, ஒரு போதையை விட்டு இன்னொரு போதையா என்ற கேள்வி 1960-களில் நியூயார்க்கில் வின்சென்ட் டோல், மேரி நிஸ்வாண்டர் என்ற இரு மருத்துவர்கள் மெத்தடோன் கொடுக்கத் தொடங்கியபோதே எழுந்தது. இன்றுவரை ஓயவில்லை. நியாயமான கேள்விதான், அதற்குப் பதிலும் இருக்கிறது.

தெருச் சரக்கின் வேகம் ஏறி இறங்கும். ஃபென்டனிலின் விளைவு மிகக் குறுகியது. ஒரே நாளில் பலமுறை தேடவேண்டியிருக்கும். காலை விழித்தது முதல் அடுத்த வேளைக்குக் காசு, அதற்கு அடுத்த வேளைக்குக் காசு என்றே பொழுது கழியும். மெத்தடோன் அதே இருக்கையில் மெதுவாக வந்து உட்கார்ந்து ஒரு நாள் முழுக்க இருக்கும். ஏற்றமும் இல்லை, வேதனையும் இல்லை. சரியான அளவில் இருப்பவர் வேலைக்குப் போகிறார், குழந்தையைப் பள்ளிக்கு அழைத்துப்போகிறார். உடல் ஒரு மருந்தைச் சார்ந்திருக்கிறது. ஆனால் கைநழுவிய வாழ்க்கை கைக்குத் திரும்பியிருக்கிறது. போதைநோயின் மையம் கட்டுப்பாட்டை இழப்பது என்று மேலே சொன்னதை இங்கே நினைவுபடுத்திக்கொள்ளலாம். இன்சுலினைச் சார்ந்திருக்கும் சர்க்கரை நோயாளியை நாம் அடிமை என்பதில்லை.

மெத்தடோனில் ஆபத்தும் உண்டு. முதல் வாரங்களில் அளவைப் பதமாக ஏற்றவேண்டும். இதயத்துடிப்பின் ஒழுங்கைக் கவனிக்கவேண்டும். அமெரிக்காவில் தனி உரிமம் பெற்ற மையங்களில் மட்டுமே கிடைப்பதால், பல ஆண்டுகளாக நோயாளிகள் விடிகாலையில் எழுந்து வரிசையில் நின்று மருந்தாளர் கண்முன் விழுங்கவேண்டியிருந்தது. 2024-இல் விதிகள் தளர்ந்து, நிலைப்பட்டவர்கள் 28 நாள் மருந்தைக்கூட வீட்டுக்கு எடுத்துப்போக வழி பிறந்தது. ஃபென்டனிலுக்குப் பழகிய உடம்புக்குப் பழைய தொடக்க அளவு போதவில்லை என்பதால் முதல் நாள் அளவின் உச்சவரம்பும் 30-இலிருந்து 50 மில்லிகிராமாக உயர்த்தப்பட்டது.

பூப்ரெனார்ஃபின் வேறுவிதம். இருக்கையில் இறுகப் பற்றி உட்கார்ந்துகொள்ளும், ஆனால் வேலையைப் பாதிதான் செய்யும். ஓர் அளவுக்கு மேல் எவ்வளவு கொடுத்தாலும் மூச்சை மேலும் அடக்காது. அது உட்கார்ந்திருக்கும்போது ஃபென்டனில் வந்தால் இடம் எளிதில் கிடைக்காது. நாக்கின் அடியில் கரையும் மாத்திரையாகவும் படலமாகவும், மாதம் ஒருமுறை போடும் ஊசியாகவும் கிடைக்கிறது. பிரான்ஸ் 1995-இல் குடும்ப மருத்துவர்கள் அனைவரும் இதை எழுதலாம் என்று கதவைத் திறந்தது. நான்கே ஆண்டுகளில் அந்நாட்டின் ஓவர்டோஸ் மரணங்கள் 79 சதவீதம் குறைந்தன. அமெரிக்கா தன் மருத்துவர்களுக்குத் தனி அனுமதி வேண்டும் என்ற கட்டுப்பாட்டை 2022-ஆம் ஆண்டின் இறுதியில்தான் நீக்கியது. இடைப்பட்ட ஆண்டுகளில் போன உயிர்களை நினைத்தால் ஆத்திரமாக வருகிறது.

ஃபென்டனில் வந்தபின் பூப்ரெனார்ஃபின் தொடங்குவதில் ஒரு சிக்கல் ஏற்பட்டது. இருக்கையில் முழு வேலை செய்யும் பொருள் இருக்கும்போது பாதி வேலை செய்யும் மருந்து அதைத் தள்ளிவிட்டு உட்கார்ந்தால், திடீரென்று விலகல் வேதனை பாய்ந்து வரும். ஹெராயின் காலத்தில் பன்னிரண்டு மணி நேரம் பொறுத்தால் போதும் என்றிருந்தது. ஃபென்டனில் கொழுப்பில் தங்கிக் கொஞ்சம் கொஞ்சமாகக் கசியும். நீண்டநாள் பயன்படுத்தியவர்களின் சிறுநீரில் அது மறைய சராசரியாக ஒரு வாரம் ஆனதாக 2020-இல் வெளியான ஆய்வொன்று காட்டியது. ஒருமுறை அந்தத் திடீர் வேதனையை அனுபவித்தவர் அந்த மருந்தின் பெயரைக் கேட்டாலே ஓடுவார். இதற்கு மருத்துவர்கள் இரண்டு வழிகளைக் கையாளுகிறார்கள். சுவிட்சர்லாந்தின் பேர்ன் நகரில் தோன்றிய முறையில், பழைய பொருளை நிறுத்தாமலேயே பொட்டுப்பொட்டாகப் பூப்ரெனார்ஃபினைக் கூட்டிக்கொண்டே போவார்கள். இன்னொன்று, வேதனை நன்றாக முற்றியதும் அவசரப் பிரிவில் வழக்கத்தைவிட அதிக அளவில் ஒரே நாளில் ஏற்றிவிடுவது. இரண்டும் மருத்துவர் பார்வையில் நடக்கவேண்டியவை.

மூன்றாவதான நால்ட்ரெக்சோன், இருக்கையை மாதம் முழுக்க அடைத்துவைக்கும் ஊசி. ஓபியாய்டே இல்லை என்பதால் நீதிமன்றங்களும் சிறைகளும் இதை விரும்புகின்றன. தொடங்க வேண்டுமானால் ஒரு வாரம் முதல் பத்து நாள்வரை எந்த ஓபியாய்டும் இல்லாமல் இருந்தாகவேண்டும். பலர் அந்த வாசலிலேயே விழுந்துவிடுகிறார்கள். 2018-இல் லான்செட் இதழில் வந்த ஒப்பீட்டில், பூப்ரெனார்ஃபின் தொடங்க முடிந்தவர்கள் 94 சதவீதம், நால்ட்ரெக்சோன் தொடங்க முடிந்தவர்கள் 72 சதவீதம். தொடங்கிவிட்டவர்களுக்கு இரண்டும் ஏறக்குறைய ஒரே பலனைத் தந்தன. ஆனால் ஊசியை நிறுத்தியவரிடம் தாங்குதிறன் மிச்சமிருக்காது என்பதால், ஃபென்டனில் காலத்தில் இதை முதல் தேர்வாக வைக்க எனக்கு மனம் வரவில்லை.

மருந்துகளின் பலனை ஒரே பார்வையில் பார்க்க 2017-இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வந்த தொகுப்பாய்வு உதவும். மெத்தடோன் சிகிச்சையில் இருந்தவர்களிடையே ஆண்டுக்கு ஆயிரம் பேரில் 11 மரணங்கள். சிகிச்சையை விட்டவர்களிடையே 36. 2020-இல் ஃபென்டனில் பரவிய அமெரிக்காவில் 40,000-க்கு மேற்பட்ட நோயாளிகளை வைத்து ஆறு சிகிச்சை வழிகளை ஒப்பிட்டார்கள். உள்நோயாளி டீடாக்ஸ், தீவிர ஆலோசனை உள்ளிட்ட ஆறில், மெத்தடோனோ பூப்ரெனார்ஃபினோ கொடுத்த வழி மட்டுமே ஓவர்டோஸைக் குறைத்தது.

இதனால் ஆலோசனை வேண்டாம் என்று ஆகாது. மனச்சோர்வு, சிறுவயதுக் காயங்கள், வீடின்மை ஆகியவற்றுக்குப் பேச்சும் துணையும் கூரையும் வேண்டும். ஆலோசனைக்கு வந்தால்தான் மருந்து என்று நிபந்தனை வைப்பதைத்தான் ஏற்க முடியாது. மூச்சுத்திணறலோடு வருபவரிடம் முதலில் யோகா வகுப்பில் சேர்ந்துவிட்டு வா என்று யாரும் சொல்வதில்லை.

விவாதத்தில் இருப்பவை

மருந்துக்கும் வராதவர்களை என்ன செய்வது? சுவிட்சர்லாந்து 1994 முதல், வேறெதுவும் பலிக்காதவர்களுக்கு மருத்துவ ஹெராயினையே செவிலியர் பார்வையில் கொடுத்துவருகிறது. வான்கூவரில் 2003-இல் திறந்த ‘இன்சைட்’ மையத்தில், ஒருவர் தான் கொண்டுவந்த பொருளைச் சுத்தமான ஊசியில் செவிலியர் அருகில் போட்டுக்கொள்ளலாம். ஓவர்டோஸ் ஆனால் உடனே மூச்சுக் கொடுப்பார்கள். அது திறந்த பிறகு சுற்றிலும் 500 மீட்டருக்குள் ஓவர்டோஸ் மரணங்கள் 35 சதவீதம் குறைந்ததாக 2011-இல் ஆய்வு வந்தது. அப்படியிருந்தும் அதே பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணம் 2016-இல் பொதுச் சுகாதார அவசரநிலை அறிவிக்க வேண்டியிருந்தது. ஃபென்டனிலின் வேகம் அப்படி.

ஒரேகான் மாநிலம் 2021-இல் சிறு அளவு போதைப்பொருள் வைத்திருப்பதைக் குற்றப் பட்டியலிலிருந்து நீக்கி, 2024-இல் திரும்பவும் சேர்த்தது. பிரிட்டிஷ் கொலம்பியாவும் 2023-இல் தொடங்கிய அத்தகைய முயற்சியில் பொது இடங்களுக்கான விலக்கை அடுத்த ஆண்டே விலக்கிக்கொண்டது. தண்டனையை நீக்கியது தவறு என்று இதிலிருந்து முடிவுகட்டுபவர்களோடு நான் உடன்படவில்லை. தண்டனை இருந்த இடத்தில் சிகிச்சை வந்து சேர்வதற்குள் மக்களின் பொறுமை தீர்ந்துவிட்டது என்றே படுகிறது. அதே சமயம், பேருந்து நிறுத்தத்தில் ஊசியைப் பார்த்துக் குழந்தையோடு ஒதுங்கி நடக்கும் தாயின் அச்சத்தைப் பிற்போக்கு என்று தள்ளிவிடவும் முடியாது.

சிறைகளைப் பற்றி இவ்வளவு குழப்பம் இல்லை. ரோட் ஐலண்ட் மாநிலம் 2016 முதல் தன் கைதிகளுக்கு மூன்று மருந்துகளையும் கொடுக்கத் தொடங்கியது. மாநிலத்தின் ஓவர்டோஸ் மரணங்களில் அண்மையில் விடுதலையானவர்களின் பங்கு ஒரே ஆண்டில் ஏறத்தாழ 61 சதவீதம் குறைந்தது. சிறிய மாநிலம், சிறிய எண்ணிக்கைதான். அவர்களின் மரணங்கள் 26 என்றிருந்தது 9 ஆனது. அந்தப் பதினேழு பேருக்கும் வீடு என்று ஒன்று இருந்திருக்கும்.

நம் பக்கம்

ஃபென்டனில் நம் தெருக்களின் பிரச்சினையாக இன்னும் ஆகவில்லை. ஓபியாய்டுகள் ஏற்கெனவே ஆகிவிட்டன. மத்திய அரசுக்காக எய்ம்ஸ் நடத்தி 2019-இல் வெளியான கணக்கெடுப்பு, சுமார் 77 லட்சம் இந்தியர்களுக்கு ஓபியாய்டுப் பயன்பாட்டால் உதவி தேவைப்படுவதாக மதிப்பிட்டது. சென்னையில் பிரவுன் சுகர் கிடைக்காதபோது மருந்துக்கடைப் பூப்ரெனார்ஃபினை ஊசியில் ஏற்றிக்கொண்ட இளைஞர்களைப் பற்றி 1990-களிலிருந்தே எழுதியிருக்கிறார்கள். அதே மருந்துதான் இன்று தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பின் மையங்களில் நாக்கின் அடியில் வைக்கும் மாத்திரையாக நோயாளிகளைத் தாங்குகிறது. பொருள் ஒன்றே, யார் கையில், எந்த அளவில், எந்த நோக்கில் என்பதுதான் வேறு. பஞ்சாப் 2017-இல் புறநோயாளி மையங்களைத் தொடங்கி, நிலைப்பட்டவர்கள் மருந்தை வீட்டுக்கு எடுத்துப்போகவும் வழிசெய்தது. மற்ற மாநிலங்கள் அங்கே போய்ப் பார்த்துவரலாம்.

ஃபென்டனில் மருந்தாக வலியைப் போக்குகிறது என்று முன்னால் அழுத்திச் சொன்னது இதற்காகத்தான். 1985-ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டத்தின் கெடுபிடியால் மார்ஃபின் மருத்துவமனைகளிலிருந்தே காணாமல் போனது. சட்டப்படி அபின் விளைவித்து உலகுக்கு விற்கும் நாட்டில் புற்றுநோயாளிகள் அலறியபடி இறந்தார்கள். திருவனந்தபுரத்தின் மருத்துவர் எம். ஆர். ராஜகோபால் போன்றோரின் நெடிய முயற்சியால் 2014-இல் சட்டம் திருத்தப்பட்டு, மார்ஃபினும் ஃபென்டனிலும் மெத்தடோனும் இன்றியமையாத போதை மருந்துகள் பட்டியலுக்குள் வந்தன. அமெரிக்கச் செய்திகளைப் படித்துவிட்டு இங்கே ஒட்டுப்பட்டைக்குப் புதிய தடை கேட்டு யாராவது கிளம்பினால், அதன் விலையைக் கொடுப்பது படுக்கையில் கிடக்கும் நோயாளி.

எத்தனை நாள்?

குடும்பத்தார் கடைசியில் கேட்பது ஒரே கேள்வி: இந்த மாத்திரையை எப்போது நிறுத்தலாம்? 2011-இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்று, வலி மாத்திரைகளால் நோயுற்றவர்களுக்குப் பூப்ரெனார்ஃபின் கொடுத்து, பிறகு படிப்படியாகக் குறைத்து நிறுத்திப் பார்த்தது. மருந்து இருந்தபோது 49 சதவீதம் பேர் நலமாக இருந்தார்கள். நிறுத்தி எட்டு வாரம் கழித்துப் பார்த்தால் அது 9 சதவீதத்துக்கும் கீழே. ஃபென்டனில் உள்ள ஊரில் சறுக்கியவர்களில் எத்தனை பேர் மறுபடி எழுந்திருப்பார்கள் என்பது வேறு கணக்கு. அதனால்தான் இத்துறை மருத்துவர்கள் நிறுத்தும் தேதி குறிப்பதில்லை. ஓராண்டோ, ஐந்தாண்டோ, ஆயுள் முழுவதுமோ. உதவும்வரை தொடரட்டும் என்கிறார்கள். ஆனால் அமெரிக்காவில்கூட 2022-இல் சிகிச்சை தேவைப்பட்ட பெரியவர்களில் நான்கில் ஒருவருக்குத்தான் இம்மருந்துகள் கிடைத்தன.

2011-இல் வெளியான அந்த ஆய்வில் இருந்தவர்களை மூன்றரை ஆண்டுகள் கழித்து மறுபடி தேடிப் பார்த்தார்கள். தொடர்பில் கிடைத்தவர்களில் 32 சதவீதம் பேர் மருந்தும் இல்லாமல் போதையும் இல்லாமல் இருந்தார்கள். 29 சதவீதம் பேர் மருந்தோடு, நோயின் அறிகுறி எதுவும் இல்லாமல் இருந்தார்கள். மருந்து எடுத்துக்கொண்டே இடையிடையே சறுக்கியவர்கள் 8 சதவீதம். மீதி 31 சதவீதம் பேர் எந்த மருந்தும் இல்லாமல் போதையைத் தொடர்ந்துகொண்டிருந்தார்கள். சிகிச்சையின் கதவு திறந்திருக்க வேண்டியது இன்னும் அவர்களுக்காக.